பப்பில் கைகோத்து உட்கார்ந்தேன், தோல் பட்டாலே நோய் ஒட்டுமா? (தூக்கம் போச்சு)

செந்தூல்காரன் | வெள்ளி, இரவு 11:52

வணக்கம். இங்க ரொம்ப நாளா படிக்கிறவன், எழுதுறது இதான் முதல் தடவை. திட்டணும்னா கடைசியில திட்டுங்க.

ஆவணியில எனக்குக் கல்யாணம். போன சனிக்கிழமை கூட்டாளிங்க சேர்ந்து ஒரு பப்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கோலாலம்பூர்ல நம்ம ஆளுங்க போற, மாலை போடுற இடம். தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: மேடையில பொண்ணுங்க ஆடுவாங்க, காசு குடுத்து மாலை வாங்கிப் போட்டா கீழ வந்து மேசையில உட்கார்ந்து பேசுவாங்க. கூட்டாளிங்க என் பேர்ல நாலு மாலை வாங்கிட்டானுங்க. அந்தப் பொண்ணு அரை மணி நேரத்துக்கு மேல என் பக்கத்துல கைகோத்து உட்கார்ந்திருந்துச்சு. போகும்போது கட்டிப்பிடிச்சு, கன்னத்தோட கன்னம் வச்சு போட்டோ. அவ்ளோதான். வேற ஒன்னுமே நடக்கல, சத்தியமா.

செவ்வாய்க்கிழமையிலேர்ந்து மணிக்கட்டுல அரிப்பு. ராத்திரியில தாங்க முடியல. சின்னச் சின்னதா சிவப்புப் புள்ளி. இன்டர்நெட்ல தேடினா எச்ஐவிக்கும் உடம்புல தடிப்பு வரும்னு போட்டிருக்கு. அன்னைக்கு என் ஆள்காட்டி விரல்ல பேப்பர் கிழிச்ச கீறல் வேற இருந்துச்சு. நாலு நாளா வேலைக்குப் போறேன், என்ன செய்றேன்னே தெரியல. தோல் பட்டா வருமா வராதா? யாராவது விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க லா.

பிறை பையன் | வெள்ளி, இரவு 11:58

நாலு மாலையா? மணவறையில கூட ஒன்னுதான் மச்சி.

கிள்ளான் புலி | சனி, அதிகாலை 12:20

தம்பி, அந்த மாதிரி இடத்துல எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஏதாவது இருக்கும். உடனே டெட்டோல் கலந்த தண்ணியில ஒரு வாரம் குளி. தெரிஞ்ச பார்மசியில சொல்லி அஞ்சு நாளைக்கு ஆன்டிபயோடிக் வாங்கிப் போடு. அரிப்புக்கு அந்த மூணு மருந்து கலந்த கிரீம் இருக்கே, அதைப் பூசு, ரெண்டே நாளில் அடங்கிடும். நான் எப்பவும் அப்படித்தான்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | சனி, காலை 6:45

தம்பி, நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் உன் பெரிய பயத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

எச்ஐவி தோலைத் தொட்டால் வராது. கைகோத்தால், கட்டிப்பிடித்தால், கன்னத்தில் கன்னம் வைத்தால், வியர்வை பட்டால், எச்சில் பட்டால், எதிலும் வராது. அது ரத்தத்திலும் விந்துவிலும் பெண்ணுறுப்புத் திரவத்திலும் தாய்ப்பாலிலும் இருக்கிற கிருமி. உடலுறவு, ஊசி, ரத்தம் ஏற்றுவது, கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால், அது போகிற வழிகள் அவ்வளவுதான். உன் விரல் கீறல் வழியாக வர வேண்டுமானால், இன்னொருவருடைய புது ரத்தம் திறந்த காயத்துக்குள் நேராக இறங்கியிருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் உனக்கே ஞாபகம் இருக்கும்.

அடுத்தது நாள் கணக்கு. எச்ஐவி தொற்றிய ஆளுக்கு முதல் காய்ச்சலும் தடிப்பும் வருவது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில். உனக்கு மூன்றாம் நாளே அரிப்பு. அதிலும் ராத்திரியில் மோசமாகும் அரிப்பு, மணிக்கட்டில். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஆனால் பார்க்காமல் பெயர் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதான் அரசாங்க கிளினிக்குக்கு, போ. மைகார்ட் (அடையாள அட்டை) எடுத்துக்கொள், கட்டணம் ஒரு ரிங்கிட்தான்.

1986-ல் இந்த நாட்டில் முதல் எச்ஐவி நோயாளிகள் தெரியவந்த காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த நோயாளி தொட்ட தட்டைத் தூக்கிப் போட்ட மிஸ்ஸிகளோடு வேலை பார்த்திருக்கிறேன். படித்தவர்கள்தான். அவர்களை உட்கார வைத்துப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அதே கேள்வியை நீ நடு ராத்திரியில் கேட்கிறாய்.

புலி அண்ணன் சொன்ன ஆன்டிபயோடிக் வேண்டாம். கிரீம் அதைவிட வேண்டாம்.

செந்தூல்காரன் | சனி, காலை 9:10

நன்றி மிஸ்ஸி. ஆனா அந்தப் பொண்ணு முழங்கையில ஒரு கீறல் மாதிரி இருந்துச்சு, ஜிகினா ஒட்டியிருந்ததால சரியாத் தெரியல. என் கீறல் அங்க பட்டிருந்தா? 72 மணி நேரத்துக்குள்ள மருந்து எடுக்கணும்னு படிச்சேன், அது தாண்டிடுச்சே. இனிமே என்ன செய்றது? ஹெப்பாட்டைட்டிஸ்? சிபிலிஸ்? எல்லாத்துக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | சனி, காலை 9:40

72 மணி நேர மருந்து உண்மைதான். 28 நாள் சாப்பிட வேண்டும், அதுவும் நிஜமாகவே ஆபத்தில் மாட்டியவர்களுக்கு. உனக்கு நேரம் தாண்டிப்போகவில்லை தம்பி, அந்த மருந்துக்கு வேலையே இல்லை.

நீ 1989-க்குப் பிறகு இங்கே பிறந்தவன் என்றால் ஹெப்பாட்டைட்டிஸ் பி ஊசி குழந்தையிலேயே போட்டிருப்பார்கள். சிபிலிஸ் கொஞ்சம் வேறு கதை. அது தோலில் இருக்கிற புண்ணைத் தொட்டால் ஒட்டக்கூடியது. அந்தப் புண் வலிக்காது, பெரும்பாலும் பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ வாயிலோ இருக்கும், தொற்றி மூன்று வாரம் வாக்கில் தெரியும். கைகோத்து உட்கார்ந்ததற்கு அதை இழுத்து வராதே.

மன நிம்மதிக்கு எச்ஐவி டெஸ்ட் எடுப்பதென்றால் எடு, தப்பில்லை. 2001-லிருந்து அரசாங்க கிளினிக்கில் பெயர் கொடுக்காமலே எடுக்கலாம். ரத்தம் எடுத்து லேப்பில் பார்க்கிற இப்போதைய டெஸ்டில் 45 நாள் கழித்து ஒன்றும் இல்லை என்று வந்தால் அந்தக் கணக்கு முடிந்தது. முஸ்லிம் ஜோடிகளுக்குக் கல்யாணத்துக்கு முன் இந்த டெஸ்ட் கட்டாயம். நமக்குக் கட்டாயமில்லை, ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து போய் எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பழைய மாலை | சனி, மதியம் 2:15

நான் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவ. ஆறு வருஷம். இப்ப தையல் கடை வச்சிருக்கேன். புலி அண்ணன் "எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஏதாவது இருக்கும்"னு எழுதினதைப் படிச்சதும் ஊசியைக் கீழ வச்சிட்டு வந்தேன்.

இருந்துச்சு அண்ணே. என்ன இருந்துச்சுன்னு நானே சொல்றேன். படர்தாமரை இருந்துச்சு. ஏன்னு கேளுங்க. ஆடுற உடுப்பு கடையோடது, எங்களோடது இல்ல. ஜரிகை, மணி வச்ச துணியைத் தினம் துவைக்க முடியாது. ஒருத்தி ஆடிட்டு வேர்வையோட கழட்டுவா, அடுத்த பாட்டுக்கு அதையே இன்னொருத்தி போடுவா. அக்குள், இடுப்பு, மார்புக்குக் கீழ, வட்ட வட்டமா வந்துடும். உடனே யாராவது அந்த மூணு மருந்து கிரீமைக் குடுப்பாங்க. ரெண்டு நாள் அடங்கும், மூணாவது வாரம் வயிறு பூரா பரவியிருக்கும். அதுல ஸ்டெராய்டு இருக்குன்னு, அது காளான் கிருமிக்குச் சோறு போட்ட மாதிரின்னு, பின்னாடி ஒரு தோல் டாக்டர் சொல்லித்தான் தெரியும். கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில தோல் பிரிவு இருக்கு, பால்வினை நோய்க்கும் தனி கிளினிக் இருக்கு. போன முதல் நாள் கார்டு குடுத்த பொண்ணு என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கல. அது ஒரு விதத்துல நல்லதாத்தான் இருந்துச்சு.

அப்புறம் கண்வலி. ஒரே கண்மை பென்சிலை அஞ்சு பேர் போட்டா வராம என்ன செய்யும்? சளி, இருமல் ஓயவே ஓயாது, ஏசியில பாட்டுச் சத்தத்துக்கு மேல கத்திப் பேசணுமே. எங்கள்ல ஒருத்திக்குத் தொடையில முத்து முத்தா, நடுவுல குழி விழுந்த பரு வந்துச்சு. எல்லாரும் பயந்து ஒதுங்கிட்டோம். பார்த்தா சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற மொலஸ்கம். ஒரே ரேசர், ஒரே துண்டு, அதுல பரவினது. ஒரு வருஷத்துல தானா போச்சு.

நான் கத்துக்கிட்டது: சொந்தத் துண்டு, சொந்த ரேசர், சொந்த மை, உள்ளுக்குப் போட ஒரு பருத்திப் பனியன். கடை முதலாளிக்குப் பிடிக்காது, வெளியில தெரியுதுன்னு சத்தம் போடுவார். போடட்டும்.

இதுல எது வாடிக்கையாளர் கிட்டேர்ந்து வந்துச்சு, எது எங்க கிட்டேர்ந்து அவருக்குப் போச்சுன்னு யார் கணக்கு வச்சா? கோழியைக் கையால சாப்பிட்டுட்டு அப்படியே வந்து கையைப் பிடிப்பாங்க. நகம் பூரா அழுக்கு. நாங்க உள்ள போனதும் முதல் வேலை கை கழுவுறதுதான்.

கிள்ளான் புலி | சனி, மதியம் 3:02

நான் பொதுவாச் சொன்னேன் மா. கோவிச்சுக்காத.

பழைய மாலை | சனி, மதியம் 3:05

நானும் பொதுவாத்தான் சொன்னேன்.

மட்டுறுத்துநர் | சனி, மாலை 5:30

இடத்தின் பெயர், ஆட்களின் பெயர் யாரும் எழுத வேண்டாம். மருந்துப் பெயர் எழுதினால் டாக்டரைக் கேட்கச் சொல்லி எழுதுங்கள். இழை திறந்தே இருக்கும்.

தோட்டத்து டிரெஸர் | ஞாயிறு, காலை 8:20

வயது எழுபத்திரண்டு. பேராக்கில் மூன்று தோட்டங்களில் டிரெஸராக, அதாவது மருந்து கொடுக்கிற மருத்துவ உதவியாளராக, இருந்தேன், இப்போது மகளோடு கெப்போங்கில். தோலைப் பற்றிய பயம் எனக்குப் பழக்கப்பட்டது, அதனால் எழுதுகிறேன்.

இங்கிருந்து சுங்கை பூலோ பக்கம்தான். 1930-ல் அங்கே தொழுநோயாளிகளுக்குத் தனிக் குடியிருப்பு திறந்தார்கள். உள்ளே புழங்கத் தனியாகப் பணத்தாள்கூட அச்சடித்தார்கள், அவர்கள் தொட்ட காசு வெளியே வந்துவிடக்கூடாது என்று. என் தோட்டத்திலிருந்து ஒரு அம்மாவை அனுப்பியிருக்கிறோம். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) அவர் இருந்த வீட்டுக் கதவை யாரும் தொடவில்லை. இத்தனைக்கும் தொழுநோய் அப்படிச் சட்டென்று ஒட்டாது, பெரும்பாலான மனிதர்களுக்கு இயற்கையிலேயே அதை எதிர்க்கிற சக்தி உண்டு. அதே லயத்தில் சொறி சிரங்கு வீட்டுக்கு வீடு ஓடியது. அதற்கு ஒருவரும் பயப்படவில்லை. "சூடு டிரெஸர், வேப்பிலை போட்டுக் குளிச்சா போகும்" என்பார்கள். ஒரே பாயில் ஆறு பிள்ளைகள் படுத்திருக்கும், விடிய விடிய சொறியும்.

தம்பிக்கு நான் சொல்ல வருவது, தோலோடு தோல் பட்டால் போகிற சாமான்கள் நிஜமாகவே உண்டு. அவை நீ பயப்படுகிறவை அல்ல. சொறிப்பூச்சி போகும். படர்தாமரை போகும். மரு போகும், ஆனால் கையில் வருகிற மருவின் வைரஸ் வகை வேறு, பிறப்புறுப்பில் வருகிறது வேறு. உதட்டில் கொப்புளம் இருக்கிறவர் கன்னத்தில் முத்தம் கொடுத்தால் ஹெர்பிஸ் போகலாம். அது உலகத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, பெரும்பாலும் சின்ன வயதில் அத்தையோ பாட்டியோ கொஞ்சியபோது வந்தது. குரங்கம்மை என்று ஒன்று 2023 ஜூலையில் இங்கேயும் வந்தது. அதுவும் புண்ணோடு நெருங்கிய தொடுதலில் போவதுதான், ஆனால் காய்ச்சலும் சீழ்க் கொப்புளமுமாக வரும், உன் கதை அது மாதிரித் தெரியவில்லை.

இவையெல்லாம் பப்பில்தான் ஒட்டும் என்று ஒன்றுமில்லை. பூச்சிக்கு எது பப், எது கோயில் திருவிழா என்று தெரியாது. ஜிம் பாய், அஸ்ராமா (பள்ளி விடுதி) கட்டில், முதியோர் இல்லம், எல்லாம் ஒன்றுதான்.

விரல் இடுக்கைப் பார்த்தாயா தம்பி? வெளிச்சத்தில் வைத்துப் பார். தொப்புளைச் சுற்றி, இடுப்புப் பட்டை படுகிற இடம், அக்குள்.

செந்தூல்காரன் | ஞாயிறு, காலை 8:55

ஐயா, விரல் இடுக்குல ரெண்டு இடத்துல பென்சில் கோடு மாதிரி சின்னதா வளைஞ்சு இருக்கு. தொப்புள் பக்கமும் புள்ளி இருக்கு. இது என்னது?

தோட்டத்து டிரெஸர் | ஞாயிறு, காலை 9:00

நாளைக்குக் கிளினிக்கில் முதல் ஆளாக நில்.

செந்தூல்காரன் | திங்கள், மதியம் 1:35

போயிட்டு வந்தேன். டாக்டர் மலாய்க்காரப் பொண்ணு, என்னைவிடச் சின்ன வயசு. ரெண்டு நாளா மனசுக்குள்ள ஒத்திகை பார்த்துட்டுப் போனேன், எப்படி ஆரம்பிக்கிறது, எதை மறைக்கிறதுன்னு. அவங்க கையைத் திருப்பி, லென்ஸ் வச்சு விரல் இடுக்கைப் பார்த்தாங்க, ஒரு நிமிஷம்கூட ஆகல. "குடிஸ் பூத்தா." மலாய்ல சொறி. அவ்ளோதான். வீட்டுல வேற யாருக்காவது அரிக்குதான்னு கேட்டாங்க. நான் பப் கதையை எடுத்தேன். எச்ஐவி டெஸ்ட் வேணும்னா எடுத்துக்கலாம்னு சொல்லி எழுதிட்டு, மறுபடியும் வீட்டுல யாருக்கு அரிக்குதுன்னுதான் கேட்டாங்க. என் பெரிய ரகசியத்தை அவங்க காதுலயே போட்டுக்கல.

பெர்மெத்ரின் கிரீம் குடுத்தாங்க. கழுத்துக்குக் கீழ ஒரு இடம் விடாம பூசி ராத்திரி பூரா வச்சு காலையில குளிக்கணும். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை.

ஆக அந்தப் பொண்ணுகிட்டேர்ந்து எனக்கு வந்தது எச்ஐவி இல்ல, சொறி. நிம்மதியா அழுகையான்னு தெரியல. அம்மாகிட்ட என்ன சொல்றது?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | திங்கள், மதியம் 2:10

நல்லது தம்பி. ஆனால் கடைசி வரியில் நிறுத்து.

உனக்கு இதற்கு முன் எப்போதாவது சொறி வந்திருக்கிறதா?

செந்தூல்காரன் | திங்கள், மதியம் 2:12

இல்ல மிஸ்ஸி. எப்பவுமே இல்ல.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | திங்கள், மதியம் 2:30

அப்படியென்றால் கணக்கு உதைக்கிறது.

அரிப்பு வருவது பூச்சி கடிப்பதால் இல்லை. அந்தப் பெண்பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலுக்குள் சுரங்கம் தோண்டி தினம் இரண்டு மூன்று முட்டை இடும். அதன் எச்சத்துக்கும் முட்டைக்கும் உன் உடம்பு ஒவ்வாமை காட்டுவதுதான் அரிப்பு. முதல் தடவை வருகிறவனுக்கு அந்த ஒவ்வாமை உண்டாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இரண்டாம் தடவை வந்தால்தான் ஒன்றிரண்டு நாளில் அரிக்கும். நீ பப்புக்குப் போனது சனிக்கிழமை, அரிப்பு செவ்வாய்க்கிழமை. அந்தப் பெண் கொடுத்திருக்க வழியே இல்லை.

ஐந்தாறு வாரத்துக்கு முன்னால் யாரோடு படுத்தாய்? கோபப்படாதே, ஒரே மெத்தை, ஒரே போர்வை என்று கேட்கிறேன்.

செந்தூல்காரன் | திங்கள், மாலை 6:48

ஐயோ.

பள்ளி விடுமுறைக்கு அக்கா மகன் வந்தான். அஸ்ராமாவுல தங்கிப் படிக்கிறவன், பதினாலு வயசு. ஒரு வாரம் என் ரூம்ல, என் கட்டில்ல. ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே இருந்தான். அம்மா பார்த்துட்டு "அஸ்ராமா சாப்பாடு, உடம்பு சூடு"ன்னு நல்லெண்ணெய் தேய்ச்சு விட்டாங்க. இப்ப அக்காவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அவன் டார்ம்ல பாதிப் பேருக்கு இருக்காம், வார்டன் நோட்டீஸே குடுத்திருக்காராம். அக்கா வெளியில சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருந்திருக்கா.

அம்மாவுக்கும் ரெண்டு வாரமா கையில அரிக்குதாம். வயசான தோல்னு நினைச்சிருக்காங்க.

பிறை பையன் | திங்கள், மாலை 6:55

கடைசியில குற்றவாளி ரெண்டாம் படிவப் பையனா!

தோட்டத்து டிரெஸர் | திங்கள், இரவு 8:05

இப்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. எல்லாரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும். அரிக்கிறவர், அரிக்காதவர் எல்லாரும். இன்றைக்கு நீ, நாளன்றைக்கு அம்மா என்றால் பூச்சி உங்களுக்குள் டென்னிஸ் ஆடும். தோட்டத்தில் நாங்கள் பென்சைல் பென்சோயேட் என்ற வெள்ளைத் தைலம் வைத்திருப்போம். எரியும், நாறும். ஞாயிற்றுக்கிழமை முழு லயத்தையும் வரிசையில் நிறுத்தி பெயின்ட் பிரஷ்ஷால் பூசுவோம். ஒரு வீடு தப்பினால் மறுமாதம் எல்லாமே திரும்ப. உங்கள் காலத்துக் கிரீம் எவ்வளவோ மேல்.

போர்வை, தலையணை உறை, மூன்று நாளாக உடுத்தியது எல்லாம் சுடுதண்ணீரில், இல்லையென்றால் டோபிக் கடை டிரையரில் நல்ல சூட்டில். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் வை. மனிதத் தோல் இல்லாமல் அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. வீட்டுக்கு மருந்தடிக்க வேண்டாம், பூனையைக் குளிப்பாட்ட வேண்டாம்.

பூசி முடித்தும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும். செத்த பூச்சியின் குப்பை உள்ளே இருக்கிறதல்லவா. மருந்து வேலை செய்யவில்லை என்று தினம் தினம் பூசாதே, தோல் வெந்துவிடும். கட்டப்போகிற பெண்ணோடு கைகோத்து நடந்திருந்தால் அந்த வீட்டுக்கும் சொல்லிவிடு.

செந்தூல்காரன் | திங்கள், இரவு 9:20

நேத்துதான் மஸ்ஜிட் இந்தியாவுல பட்டு எடுக்கப் போனோம், படமும் பார்த்தோம். சொல்லிட்டேன். அக்கா மகன் கதையைத்தான் சொன்னேன், அதானே உண்மை. "இதுக்குப் போயா இவ்ளோ பயந்த குரல்ல பேசுற"ன்னு கேட்டா. மீதிக் கதையை இன்னும் சொல்லல.

பழைய மாலை | திங்கள், இரவு 10:40

எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஒரு ஆளை விட்டுட்டீங்க.

அரிப்பு வர்றதுக்கு முன்னாடியே பூச்சி உடம்புல இருக்கும், மத்தவங்களுக்குப் போகும், இல்லையா மிஸ்ஸி? அப்ப சனிக்கிழமை அந்த மேசையில நோய் இருந்தது யார் உடம்புல? அரை மணி நேரம் யார் கையை யார் பிடிச்சது? அவளுக்கு இன்னும் ஒரு மாசம் ஒன்னும் தெரியாது. அந்தப் பொண்ணுங்க பெரும்பாலும் ஒரே வீட்டுல, ஒரு ரூமுக்கு நாலு பேர் தங்குவாங்க. உடுப்பு மாத்துற இடமும் ஒன்னு. அப்புறம் யாராவது வந்து "அந்த மாதிரி இடத்துல எல்லாருக்கும் ஏதாவது இருக்கும்"னு எழுதுவாங்க.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | செவ்வாய், காலை 6:30

அவர் சொல்வது சரிதான். கை குலுக்கி விடுவதில் சாதாரணமாக ஒட்டாது, கால் மணி இருபது நிமிஷம் தோலோடு தோல் இருந்தால் ஒட்டலாம். நிச்சயம் ஒட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டும், டாக்டரிடம் காட்டிக்கொள்ளட்டும்.

செந்தூல்காரன் | வெள்ளி, இரவு 11:15

மறுபடி அந்தப் பக்கம் போக எனக்குத் தைரியம் இல்ல. கூட்டாளி ஒருத்தன் போனான், அவனுக்குத்தான் அங்க வேலை பார்க்கிற கேப்டனைத் தெரியும். என்ன விஷயம்னு எழுதி, மருந்துப் பெயரை எழுதி, ரெண்டு டியூப்புக்குக் காசும் வச்சுக் கவர்ல குடுத்து விட்டேன்.

அந்தப் பொண்ணு பிரிச்சுப் படிச்சுட்டு முதல்ல கையைப் பின்னால கட்டிக்கிச்சாம். அப்புறம் கூட இருக்கிற மூணு பேரையும் கூப்பிட்டுக் காட்டிச்சாம். காசை எண்ணிப் பார்த்துட்டு, "நாலு பேர் இருக்கோம், ரெண்டு டியூப் எப்படிப் பத்தும்"னு கேட்டுச்சாம். கூட்டாளி கையிலிருந்து போட்டுட்டு வந்து என்கிட்ட வாங்கிக்கிட்டான்.

எச்ஐவி டெஸ்ட்டுக்கு இனிமே போகல. திங்கட்கிழமை ரெண்டாவது தடவை பூசணும், அக்கா மகனையும் கூப்பிட்டு வர்றாங்க.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | சனி, காலை 6:20

நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு நகத்தடியிலும் பூசு. பூசினபின் கை கழுவினால் கைக்கு மட்டும் திரும்பப் பூச வேண்டும். அம்மாவுக்கு முதுகில் நீ பூசிவிடு, அவருக்கு எட்டாது.